செய்யாத குற்றத்துக்குத் தண்டனை



சென்ற மாதம் ஞானோபதேச வகுப்பு முடிந்ததும் ஒரு பையன் கையில் ஒரு புத்தகத்தோடு என்னிடம் வந்து, "சாமி, அந்த எலிக்குஞ்சை அன்றைக்கே கொன்றிருந்தால் அத்தனை சுண்டெலிகளும் பிழைத்திருக்குமே! விட்டது தப்புதானே?" என்று கேட்டான். எலியைப் பற்றிய கேள்விக்கெல்லாம் குருவானவர் பதில் சொல்ல வேண்டுமா என்று நீர் நகைக்கலாம். நானும் முதலில் நகைத்தேன். புத்தகங்களை வாங்கிப் படித்தபின் அந்த நகைப்பு நின்றுபோயிற்று.

கதை நடப்பது நியூயார்க் நகரத்தின் அடியில். சூசன் காலின்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2003 முதல் 2007 வரை ஐந்து பாகங்களாக எழுதி வெளியிட்டது. கிரெகர் என்ற 11 வயதுச் சிறுவன், தான் குடியிருக்கும் கட்டடத்தின் சலவை அறையில், சுவரிலிருந்த கம்பித்தட்டியின் வழியே நுழைந்துவிட்ட 2 வயதுத் தங்கையைப் பிடிக்கப்போய், அவளோடு பாதாளத்தில் விழுகிறான். அங்கே வெளுத்த மேனியும் ஊதாநிறக் கண்களுமுள்ள மனிதர்கள் ரெகாலியா என்றொரு நகரம் கட்டி, பெரிய வவ்வால்களின் மேலேறிப் பறந்து, மனிதரைப் போலவே பேசவும் சிந்திக்கவும் வல்ல இராட்சத எலிகளோடு ஓயாமல் யுத்தம் செய்து வாழ்கிறார்கள். பையனிடம் ஒரு விபரீத சக்தி இருப்பது பின்னர் தெரிய வருகிறது. சண்டையென்று வந்துவிட்டால் அவன் தன் வசமிழந்து, எதிர்ப்பட்டதையெல்லாம் குறி தப்பாமல் வீழ்த்துகிறான். அதைக் கண்டு ஊரார் மகிழ்கிறார்கள்; அவன் மட்டும் அஞ்சுகிறான். அந்த அச்சத்துக்காகவே அவன்மேல் எனக்கு மதிப்பு உண்டாயிற்று. எழுதியவருடைய தகப்பனார் அமெரிக்க விமானப் படையில் பணிபுரிந்தவர். 1968-ல் மகளுக்கு ஆறு வயதாயிருக்கையில் வியட்நாம் யுத்தத்துக்குப் போனவர். யுத்தத்தைப் பிள்ளைகளுக்குத் தேன் தடவிக் கொடுக்காததற்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

ரெகாலியாவை நிறுவியவர் தம் தீர்க்கதரிசனங்களை ஓர் அறையின் சுவர்களில் செதுக்கி வைத்துப் போயிருக்கிறார். ஒரு வெள்ளை எலி பெருநாசம் செய்யும் என்பது அவற்றுள் ஒன்று. அதைக் கொல்லும் வேலை கிரெகர் தலையில் விழுகிறது. 2004-ல் வந்த இரண்டாம் பாகத்தில், தங்கை இறந்துவிட்டாள் என்றே நம்பி, நெஞ்சு கொதிக்க வாளோடு போகிறான். போய்ப் பார்த்தால், அது செத்துக் கிடக்கும் தாயின் அருகே "அம்மா" என்று அழுகிற குஞ்சு. அழுகை தங்கையின் அழுகையைப் போலவே இருக்கிறது. அவன் கொல்லவில்லை. குஞ்சை ரிப்ரெட் என்ற எலியிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்புகிறான். திரும்பியவனை ஊரார் துரோகி என்று விசாரணைக்கு நிறுத்துகிறார்கள்.

வேறொரு கதாசிரியராயிருந்தால் அந்தக் குஞ்சு நன்றியுள்ள நல்ல எலியாக வளர்ந்தது என்று முடித்திருப்பார். இவர் அப்படிச் செய்யவில்லை. குஞ்சு வளர்ந்தது, நாவன்மை மிக்க வேறோர் எலி அதன் செவியில் விஷத்தை ஓதிற்று, நான்காம் பாகத்தில் அதன் படை சுண்டெலிக் கூட்டத்தை எரிமலைக் குழிக்கு ஓட்டிச் சென்று, குட்டிகளோடு மூச்சுத் திணறிச் சாக வைக்கிறது. பையனின் கேள்வி இங்கேதான் பிறக்கிறது. இதை இலேசாகத் தள்ளிவிட என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பர். தெரியட்டும். தெரிந்தவனுக்கு முளையைப் பிடுங்கும் அதிகாரத்தைத் தந்தது யார்? தீர்க்கதரிசனத்தை நம்பிக் குழந்தைகள்மேல் கை வைத்தவர்களை நீர் அறிவீர். கம்சன் தன் தங்கையின் பிள்ளைகளைக் கொன்றான். ஏரோது பெத்லகேமின் பாலகர்களைக் கொல்வித்தான். கிரேக்கக் கதையின் லாயஸ் மன்னன், தன் கையில் இரத்தம் படாமல், மகனை மலையில் எறிந்துவிடச் சொன்னான். ஒருவனுக்காவது காரியம் கைகூடவில்லை. லாயஸ் மகனை எறியாமல் வளர்த்திருந்தால், அந்த மகன் தகப்பன் யாரென்று அறியாமல் வழியில் எதிர்ப்பட்ட கிழவனென்று அவனை அடித்துக் கொன்றிருப்பானா?

"சாமி, அவர்களுடையது சந்தேகம், இங்கே நிச்சயமாக நடந்தேவிட்டதே" என்று என் பையன் விடமாட்டான். சரி, நிச்சயம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பொழுதில் குஞ்சு செய்திருந்தது என்ன? அழுதது, அவ்வளவே. 13-ம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ், குற்றமற்றவனைக் கொல்வது எவ்வகையிலும் ஆகாது என்று தீர்த்துச் சொன்னார். பிற்காலத்தில் குற்றவாளியாகப் போகிற குற்றமற்றவனுக்கென்று அவர் தனி விதி ஒன்றும் வைக்கவில்லை. ஐந்தாம் பாகத்தில் கிரெகர் அதே வெள்ளை எலியைப் போரில் கொல்கிறான். அதே பையன், அதே எலி. இடையில் மாறியது எலியின் செய்கை ஒன்றுதான். இரண்டுக்கும் வேற்றுமையில்லை என்பவர், மனிதன் தன் விருப்பத்தால் எதையும் செய்வதில்லை, எல்லாம் சுவரில் எழுதியபடிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது எலியைக் குற்றவாளி என்று சொல்லவும் அவருக்கு வாய் இராது.

ஆனாலும் செத்த சுண்டெலிகளின் கணக்கை நான் அழிக்க மாட்டேன். இரக்கம் காட்டியவன் ஒருவன். அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு. இது கசப்பானது, கசப்பாகவே இருக்கட்டும். எனக்குத் தோன்றும் குறை வேறு. கொல்லாமல் விட்டது நல்லது. அதன்பின் அந்தக் குஞ்சு எப்படி வளர்கிறது, யார் அதற்குப் போதிக்கிறார்கள் என்று ரெகாலியாவில் எத்தனை பேர் கவலைப்பட்டார்கள்? கொல்ல ஆள் தேடிய ஊர் வளர்க்க ஆள் தேடவில்லை.

மூன்றாம் பாகத்தில் வரும் கொள்ளைநோயையும் மறக்க வேண்டாம். அதை உண்டாக்கியவர்கள் எலிகளல்ல. ரெகாலியாவின் மனிதர்களே தங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆயுதமாகச் செய்தார்கள். அவர்களைத் தொட்டிலிலேயே கொன்றிருக்க வேண்டும் என்று யாரும் சொல்லக் காணோம்.

கடைசியில் கிரெகர் உயிர்த்தோழனான வவ்வாலை இழந்து, உடம்பெல்லாம் தழும்போடு மேலே வருகிறான். வருமுன், மறுபடி மூளவிருந்த சண்டையின் நடுவில் நின்று, எல்லாரும் பார்க்கத் தன் வாளை முறித்துப் போடுகிறான். வியப்புக்குரிய சக்தியெல்லாம் அவனுக்கு இருந்தும், சமாதானத்துக்கு வழி திறந்தது அந்தச் செயல்தான்.

போன ஞாயிறு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கையில், "உன் கையில் வாள் இருந்திருந்தால்?" என்று பையனைக் கேட்டேன். வெகுநேரம் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தான். "அது அழுதுகொண்டிருந்ததே, சாமி" என்றான்.