சட்டகத்துக்குள் ஒரு திண்ணை

வந்தவாசியில் தம்பி வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு திரை. ‘ஹோம் அசிஸ்டென்ட்’ மென்பொருள். மோட்டார், விளக்கு எல்லாம் அதில்தான். வானிலைப் பக்கம், திண்ணைக் கேமராவின் பக்கம் என்று வேறு இணையப் பக்கங்களையும் ‘ஐஃப்ரேம்’ என்னும் சட்டகத்தில் அதற்குள் பொருத்தியிருக்கிறான். வங்கிப் பக்கம் மட்டும் வரமாட்டேன் என்கிறதாம், சலித்துக்கொண்டான்.

காரணம் உண்டு. ‘எக்ஸ்-ஃபிரேம்-ஆப்ஷன்ஸ்’ என்றொரு குறிப்பை ஒரு தளம் அனுப்பலாம்: என்னை இன்னொருவர் சட்டகத்தில் வைக்காதே. உலாவி கீழ்ப்படிகிறது. கண்ணுக்குத் தெரியாத சட்டகத்தை வைத்து, நாம் அறியாத பொத்தானை நம் விரலாலேயே அழுத்தவைக்கும் மோசடியைத் தடுக்க 2009இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஏற்பாடு அது. அதில் ‘சேம்ஆரிஜின்’ என்று ஒரு வகை: ஒரே மூலத்தவர் மட்டும் வைத்துக்கொள்ளலாம். (கல்யாணத் தரகர் பேச்சு மாதிரி இல்லை?)

ஒரு இணையப் பக்கத்துக்கு மறுக்க வாய் இருக்கிறது. திண்ணையில் பூ கட்டும் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. “பதினோரு மணிக்கு யாரோடம்மா அவ்வளவு நேரம் பேசிக்கிட்டிருந்த?” என்கிறான் தம்பி, திரையைப் பார்த்தபடி. பாதுகாப்புக்குத்தான் என்கிறான், அது பொய்யும் இல்லை. ஆனால் பாதுகாக்கப்படுகிறவள் வேண்டாம் என்று சொல்ல வழியில்லையென்றால் அது காவலா, வேவா?

அம்மா இப்போது பின்கட்டில் உட்கார்ந்து பூ கட்டுகிறாள். அங்கே கேமரா இல்லை.