எம்மாவு வழிப்பேச்சு



எருசலேமிலிருந்து எம்மாவுக்கு 11 கிலோமீட்டர். நம் மதுரை மரியன்னை பேராலயத்திலிருந்து அவ்வளவு தூரம் நடந்தால் திருப்பரங்குன்றத்தைத் தாண்டிவிடலாம். அந்த வழியில் போன சீடர் இருவரோடு உயிர்த்த ஆண்டவர் வந்து சேர்ந்து கூடவே நடந்தார். அவர்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சிலுவையில் நடந்ததையே அவர்கள் பேசிப் பேசி மாய்ந்துகொண்டு வந்தார்கள்.

அந்தப் பேச்சு நமக்குள்ளும் ஓடுகிறது. சம்பந்தி வீட்டில் கேட்ட ஒரு சொல், திங்கட்கிழமை கட்ட வேண்டிய குழுக் கடன். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர் மல்லிகை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் குவிந்து கிடக்கிறது. உள்ளே பேச்சு ஓடுவதால், கடந்துபோகிற நமக்கு வாசனை தெரிவதில்லை. சாப்பிட்டு எழுந்தவரிடம் என்ன குழம்பு என்று கேட்டால் யோசிக்கிறார்.

ஆண்டவர் அவர்கள் வாயை அடக்கவில்லை. என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டார். இந்த நற்செய்தியில் என் மனம் நிற்கிற இடம் அதுதான். சீடரில் ஒருவரான கிளயோப்பா எல்லாவற்றையும் கொட்டினார்: நம்பியிருந்தது, ஏமாந்தது, கல்லறைக்குப் போன பெண்கள் சொன்னது. அதன்பிறகே இயேசு மறைநூலை விளக்கினார். கவலையை அமுக்கினால் அடங்காது. காதுகொடுத்துக் கேட்பவரிடம் சொல்லித் தீர்த்தால் அடங்கும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் மனதை வெறுமையாக்கு என்று சொல்வது இரக்கமற்ற போதனை.

பிறகு பந்தி. இயேசு அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோது சீடர்களின் கண் திறந்தது.

1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலியின் இயேசு சபையில் இப்படிப் புலன்களால் ஆண்டவரைத் தேடிச் செபிக்கும் வழக்கம் உண்டு. பகலில் தியானித்த நற்செய்திக் காட்சிக்கு மாலையில் மறுபடி வரச் சொல்கிறார் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். மனதுக்குள் பார்க்க, கேட்க, முகர, சுவைக்க, காட்சியில் வருபவர்கள் நடந்த இடத்தைத் தொட.

இந்த வாரம் பஸ் ஸ்டாப் வரைக்கும் மனதில் உள்ளதை ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டே நடங்கள். பஸ் வரும்வரை ஒன்றும் சொல்லாமல் நில்லுங்கள். சித்திரை வெயில் தோளில் சுடும். வேப்பம்பூ மணக்கும், டீக்கடையில் கிளாஸ் கழுவும் சத்தம் கேட்கும். உள்ளே பேச்சு மறுபடி கிளம்பினால் உங்களையே கடிந்துகொள்ளாதீர்கள். அதையும் ஆண்டவரிடம் சொல்லிவிட்டு மறுபடி அந்தச் சத்தத்துக்குக் காதைத் திருப்புங்கள்.

இன்று நற்கருணை வாங்கித் திரும்பியதும் செபப் புத்தகத்தைப் பிரிக்க வேண்டாம். நாவில் அப்பம் கரையட்டும், அதன் பிறகு மன்றாடலாம். இப்போது எழுந்து நம்பிக்கை அறிக்கை சொல்வோம்.