ஆயர் சொன்ன பொய்

“ஐயா! ஆண்டவனுக்கு ஊழியம் செய்பவர் பொய் சொல்லலாமா?”

செவ்வாப்பேட்டையில் நான் பணியாற்றும் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில், மாணவி ஒருத்தி தொடுத்த கணை இது. கேட்டவள் அமர்ந்துவிட்டாள், நான்தான் நின்றபடி நெடுநேரம் விழித்தேன்.

விக்டர் யூகோ 1862இல் வெளியிட்ட பெரும் புதினம், சுத்தானந்த பாரதியாரின் தமிழில் ‘ஏழை படும் பாடு’ ஆயிற்று. அதே பெயரில் 1950இல் திரைப்படமும் வந்தது. அதில் ஜாவர் எனும் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமன், இறுதிவரை ‘ஜாவர்’ சீதாராமனாகவே விளங்கினார். கதையைத் தோழர்கள் அறிவர். ரொட்டி திருடிப் பிடிபட்டு, தப்ப முயன்று தண்டனை வளர, பத்தொன்பது ஆண்டு சிறையில் வாடியவன் ஜீன் வால்ஜீன். ஊரெல்லாம் கதவடைத்த இரவில் உணவும் படுக்கையும் தந்த ஆயரின் வெள்ளிப் பொருள்களையே அவன் களவாடிச் செல்கிறான். காவலர் பிடித்து வருகின்றனர். ஆயரோ, அவை தாம் கொடுத்தவை என்கிறார். வெள்ளி விளக்குத் தண்டுகள் இரண்டையும் எடுத்து அவன் கையில் வைக்கிறார். அந்தச் சொல்தான் பொய்! அந்தப் பொய்தான் மாணவியின் கேள்வி!

இதற்கு முன்னரே நான் ஒரு தவறு செய்திருந்தேன். பகுத்தறிவில் பற்றுடையவன் நான். திருநீற்று நெற்றியும், சிலுவை தொங்கும் கழுத்தும், தொழுகைக்குச் செல்லும் கால்களும் ஒரே பலகையில் நெருங்கி அமரும் வகுப்பு அது. அங்கே மதப் பேச்சு எதற்கு என்று, முதன்முறை கதை சொல்லும்போது ஆயரை ‘நல்ல பெரியவர் ஒருவர்’ ஆக்கிவிட்டேன். அங்கி போயிற்று, செபம் போயிற்று, வேதம் போயிற்று. கதையின் உயிரும் உடன் போயிற்று! “அவர் ஏன் அப்படிச் செய்தார்?” என்று பிள்ளைகள் கேட்டனர். “நல்லவர், அதனால்” என்றேன். கொட்டாவிதான் கிடைத்தது. வெட்கத்துடன் சொல்கிறேன்: நம்பிக்கையை மறைத்தவன், அதை ஆராயும் உரிமையையும் அல்லவா அவர்களிடமிருந்து பறித்துவிட்டேன்!

திருநின்றவூர் எங்கள் நிலையத்திலிருந்து இரண்டாவது நிலையம். காசில்லாத பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய கதையை அவ்வூர்ப் பிள்ளைகளிடம் சைவத்தை நீக்கிச் சொல்ல முடியுமா? அரசனின் கற்கோயிலைவிட ஏழையின் எண்ணக் கோயிலை இறைவன் பெரிதாக மதித்தான் என்று அக்கதை ஏன் சொல்கிறது என வினவ வேண்டுமானால், அதை உள்ளபடி சொல்லியாக வேண்டும்.

ஆகவே அடுத்த வாரம் நூலையே எடுத்துச் சென்றேன். ஆயர் ஆயராகவே வந்தார். வந்ததும் வகுப்பு விழித்துக்கொண்டது! பொய்ச்சாட்சி கூடாதெனப் பத்துக் கட்டளைகளில் உண்டென்றான் ஞாயிறு மறைப்பள்ளி செல்லும் மாணவன். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்க்கும் இடமுண்டென வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருக்கிறாரே என்றாள் மற்றொருத்தி. புதினத்தில் பின்னே வரும் கன்னித்துறவி சிம்ப்ளிஸைப் பற்றிச் சொன்னேன். வாழ்வில் ஒரு பொய்யும் சொல்லாத அவள், வால்ஜீனைக் காக்க ஜாவரிடம் அடுத்தடுத்து இரண்டு பொய் சொல்கிறாள். ஜாவரோ நேர்மையாளன், சட்டம் தவிர வேறறியாதவன், அந்த நேர்மையாலேயே பிறரை வதைப்பவன். ஒரே நாட்டில், ஒரே மதச் சூழலில் வளர்ந்தவர்கள் இப்படிப் பிரிந்து நிற்பதேன்? இந்த வினாவை ‘நல்ல பெரியவர்’ எழுப்பியிருக்க முடியுமா?

வேறொருவன் இன்னும் ஆழம் சென்றான். வால்ஜீனின் ஆன்மாவைத் தாம் விலைக்கு வாங்கிக் கடவுளிடம் ஒப்படைப்பதாக ஆயர் பேசும் இடத்தைப் படித்ததும், “அப்படியானால் இது கொடையா, கொள்முதலா?” என்றான். மறுமைப் பயன் நாடிக் கொடுப்போனை அறத்தை விற்பவனாகக் கண்டு, ஆய் அண்டிரன் அத்தகையவன் அல்லன் என்று முடமோசியார் பாடிய புறநானூற்று மண்ணல்லவா இது! கேள்வி பொருத்தமே. ஆயினும் ஆயர் தமக்கென ஏதும் கேட்கவில்லையே என்று மறுத்தாள் முதல் மாணவி. நான் தீர்ப்பளிக்கவில்லை.

ஒன்று மட்டும் சொன்னேன். அதே ஆயர், சாகக் கிடந்த முதிய புரட்சியாளனைத் திருத்தச் சென்று, அவனிடமே ஆசி வேண்டி மண்டியிட்டார். இத்தனை உயர்ந்த ஆயரைப் படைத்த நூலைத்தான் 1864இல் கத்தோலிக்கத் திருச்சபை தடைப் பட்டியலில் சேர்த்தது. கிறித்தவ அறமும் கிறித்தவ அமைப்பும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொண்டனர்.

வகுப்பு முடிந்தபின், அதுவரை வாய் திறவாத மாணவன் ஒருவன் வாயிலில் நின்றான். அவன் அண்ணன் ஒரு பட்டறையில் செம்புக் கம்பி எடுத்துப் பிடிபட்டவன். வேலையும் போய், வழக்கும் நடக்கிறது.

“ஐயா, அந்த முதலாளி ஆயர் மாதிரி ஒரு பொய் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன நட்டம்?”

கம்பியின் விலை என்ன என்று கேட்டேன். எடை எவ்வளவு, கிலோ என்ன விலை, மொத்தம் எவ்வளவு என்று தன் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் முன்பே கணக்கிட்டு வைத்திருந்தான்.