மணல் ஒன்றா, பலவா?

1964 ஜூன் 16 அன்று ஜப்பானின் நீகாட்டாவில் நிலம் குலுங்கியபோது, கவாகிஷிச்சோ அடுக்குமாடிக் கட்டடங்கள் உடையவில்லை, சாய்ந்தன. ஒன்று ஏறக்குறையப் படுத்தேவிட்டது. அடியிலிருந்த ஈரமணல் நெருங்கி இறங்கப் பார்த்தது. இடையிலிருந்த நீர் வெளியேற நேரமில்லை. நீரழுத்தம் ஏற ஏற, மணிகள் ஒன்றையொன்று தாங்குவதை விட்டன.

அத்தகைய மணலைத்தான் இன்று கணினியில் திரும்பத் திரும்பக் குலுக்குகிறார்கள். அங்கே இந்தியத் தத்துவத்தின் ஒரு பழைய வாதம் தலைகாட்டுகிறது. பானை அதன் துகள்களுக்கு மேலான தனிப்பொருள் என்றது நியாய வைசேடிகம். துகள்களே உண்டு, பானை வெறும் பெயர் என்றனர் பௌத்தர். 1979இல் கண்டால், ஸ்ட்ராக் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை மணலை மணிமணியாகக் கணக்கிடுவது. பௌத்தர் கட்சி எனலாம். மணலைத் தொடர்ச்சியான ஒரே பொருளாகக் கொள்ளும் சமன்பாடுகள் எதிர்க்கட்சி. அணை கட்டுகிறவருக்கு இவையே கைகொடுக்கின்றன. அத்தனை மணிகளையும் எண்ண எந்தக் கணினியாலும் ஆகாது.

ஆனால் சிக்கல் விடவில்லை. ஒரே மணல், ஒரே அடர்த்தி. நீரில் தூவி நிரப்பினால் ஒரு வலிமை, ஈரமாக இடித்து நிரப்பினால் வேறு. மணிகள் அமைந்த விதமே காரணம். எனவே சமன்பாட்டில் அதற்கென ஒரு மாறியைச் சேர்க்கிறார்கள். விரட்டிய துகள்கள் கொல்லைப்புறமாக நுழைகின்றன!

இப்படி மாறிகளைச் சேர்த்து, முடிவு தெரிந்தபின் எண்களைத் திருத்திப் பொருத்துவது எளிது. அது அறிவாகுமா? 1990களின் தொடக்கத்தில் இத்தகைய கணக்கீடுகளைச் சோதித்த அமெரிக்காவின் வெலாக்ஸ் திட்டம், மண் மாதிரியை வேகமாகச் சுழற்றிக் குலுக்கும் மையவிலக்குச் சோதனைக்கு முன்பே கணிப்புகளை எழுதி வாங்கிக்கொண்டது. வந்த விடைகள் தமக்குள்ளேயே வெகுவாக முரண்பட்டன.