நடை சாத்துவதும் பூஜைதான்



சிவாலயத்தில் ஒரு நாளைக்கு ஆறு கால பூஜை என்கிறோம். உஷத்காலம், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாம் காலம், அர்த்தஜாமம். பெரிய கோயில்களில் இந்தக் கணக்கு கூடும். மதுரையில் திருவனந்தல் தொடங்கிப் பள்ளியறை வரை எட்டு. நம்மில் பலர் காலசந்தி பார்த்திருப்போம், சாயரட்சை தீபாராதனைக்கு முண்டியடித்திருப்போம். பள்ளியறைக் கதவு சாத்துகிற வரை நின்று பார்த்தவர்கள் குறைவு. இன்றைக்கு அந்தக் கடைசிப் பூஜையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

மீனாட்சியம்மன் கோயிலில் இரவு என்ன நடக்கிறது? சுந்தரேசுவரருடைய பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து அம்மன் சந்நிதிக்கு எழுந்தருளப் பண்ணுகிறார்கள். பள்ளியறையில் பால் நிவேதனம் ஆகிறது, தீபாராதனை ஆகிறது, கதவு சாத்துகிறார்கள். தில்லையிலும் நடராஜப் பெருமானின் திருவடிகள் ஒவ்வோர் இரவும் இப்படித்தான் பள்ளியறைக்குப் போகின்றன. இந்த நேரத்துக்கென்றே நீலாம்பரி போன்ற ராகங்களை நம் நாகஸ்வர மரபு ஒதுக்கி வைத்திருக்கிறது. விடியலில் பூபாளம் வாசித்து எழுப்பியவர்கள், இரவில் நீலாம்பரி வாசித்து உறங்க வைக்கிறார்கள்.

கண் இமைக்காமல் உலகத்தைக் காக்கிறவனுக்குத் தூக்கம் ஏது, களைப்பு ஏது? ஆகமம் வகுத்த பெரியவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஊர் நடுவில் ஒரு கோயிலைக் கட்டி, அங்கே இறைவனை விடியலில் எழுப்பி, நீராட்டி, வேளைக்கு அமுது படைத்து, உச்சிப்பொழுதில் நடை சாத்தி, இரவில் பால் கொடுத்து உறங்கச் செய்து, ஒரு நாள் எப்படி நடக்க வேண்டும் என்று ஊருக்கே நடத்திக் காட்டினார்கள். பூஜை அவனுக்கு. அதில் இருக்கிற ஒழுங்கு நமக்கு.

அந்த ஒழுங்கில் ஒன்றைக் கவனியுங்கள். கூட்டம் குறைந்தால் சாத்தலாம், வேலையெல்லாம் முடிந்தால் சாத்தலாம் என்று விடவில்லை. நேரம் குறித்தார்கள், நிவேதனம் குறித்தார்கள், ராகம் குறித்தார்கள். அபிஷேகத்துக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை நடை சாத்துவதற்கும் உண்டு. நம் வீட்டில் ஓய்வுக்கு அந்த மரியாதை இருக்கிறதா? எல்லாம் முடிந்து ஏதாவது நேரம் மிஞ்சினால் தூங்கலாம் என்று வைத்திருக்கிறோம். மிஞ்சுவதே இல்லை. மிஞ்சுகிற அரைமணியையும் கையிலிருக்கிற செல்போன் எடுத்துக்கொள்கிறது.

உழைப்புதான் வழிபாடு, ஓய்வு சோம்பல் என்று ஓர் எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. பகலில் சற்றுத் தலை சாய்த்தாலே ஏதோ தப்புச் செய்கிற மாதிரி மனது குறுகுறுக்கிறது. நம் சமயம் அப்படிச் சொல்லவில்லை என்பதை இன்றைக்கு நீங்கள் உறுதியாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

இறைவனுக்கு ஐந்தொழில். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். ஆடல்வல்லானின் திருமேனியிலேயே இந்த ஐந்தையும் பார்க்கலாம். வலப்புறம் உடுக்கை ஏந்திய கை படைக்கிறது, அபயம் காட்டும் கை காக்கிறது. இடப்புறம் நெருப்பு ஏந்திய கை அழிக்கிறது. ஊன்றிய பாதம் மறைப்பு, தூக்கிய திருவடி அருள். அழித்தல் என்றதும் நமக்குப் பயம் வருகிறது. கருணையே வடிவானவன் எதற்காக அழிக்க வேண்டும்? 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் அருளிய அருணந்தி சிவாசாரியார் இதற்கு அருமையான விடை சொல்கிறார். பிறந்து, இறந்து, திரும்பப் பிறந்து, வினையைச் சுமந்து சுமந்து உயிர் இளைத்துப் போகிறது. அந்த இளைப்பைப் போக்குவதற்காகத்தான் இறைவன் சிறிது காலம் உலகத்தையும் உடம்பையும் ஒடுக்கி வைக்கிறான். ஓய்வு முடிந்ததும் புது உடம்பு கொடுத்துத் திரும்ப அனுப்புகிறான். இதுதான் சங்காரம் என்கிற அழித்தலின் பொருள் என்கிறது சைவ சித்தாந்தம்.

எண்ணிப் பாருங்கள். நம்மை இளைப்பாற்றுவது ஆண்டவன் தன் ஐந்தொழிலில் ஒன்றாக வைத்துக்கொண்ட வேலை! வேதாந்த நூல்களும் தினசரி ஆழ்ந்த உறக்கத்தை நித்தியப் பிரளயம் என்றே சொல்லும். இரவு பத்து மணிக்கு விளக்கணைத்துப் படுக்கிற எளிய மனிதனை அந்த நெருப்பேந்திய கைதான் தொட்டுத் தூங்கவைக்கிறது. அந்த நேரத்தில் "இன்னும் ஒரு வேலை பாக்கி" என்று எழுந்து உட்காருகிறவன், இறைவன் தருவதை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறான்.

இதை முக்கியமாக யாருக்காகச் சொல்கிறேன் என்றால், இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களுக்காக. வீட்டில் எல்லோருக்கும் நடை சாத்துகிற நேரம் ஒன்று உண்டு. உங்களுக்கு இல்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டு, பாத்திரம் ஒழித்துப் போட்டு, அடுப்பு மேடை துடைத்து, மறுநாளைக்குக் கொண்டைக்கடலை ஊற வைத்து, இட்லி மாவைப் பெரிய பாத்திரத்தில் மாற்றி வைத்து, வாசல் கதவு தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டுப் படுக்கும்போது மணி பதினொன்றரை. காலையில் ஐந்துக்கு முன்னால் பால் பாக்கெட் எடுக்க எழுந்தாக வேண்டும். சுமங்கலி பூஜையில் அம்பாள் என்று சொல்லிப் பாதம் கழுவிக் கும்பிடுகிறோமே, அந்த அம்பாளுக்குப் பள்ளியறை எங்கே? வந்திருக்கிற ஆண்களையும் பிள்ளைகளையும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். கோயிலுக்கு விளக்கு உபயம் செய்வதற்கு முன்னால், வீட்டில் இரவுப் பாத்திரத்தை நீங்கள் தேய்த்து வையுங்கள். ஒன்பதரை மணிக்கு உங்கள் அம்மா படுக்கப் போகட்டும். இதுவும் அர்த்தஜாம உபயம்தான்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வைத்தார், 95ஆவது அதிகாரம். அதில் மருந்தின் பெயர் ஒன்றுகூட இல்லை. முன்பு சாப்பிட்டது செரித்ததா என்று பார்த்து, பசித்த பிறகு, அளவாகச் சாப்பிடு என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கீதையில் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன் தியானத்தைச் சொல்லித்தருகிற இடத்திலேயே சாப்பாட்டையும் தூக்கத்தையும் பேசுகிறான். அதிகம் உண்பவனுக்கும் யோகம் இல்லை, பட்டினி கிடப்பவனுக்கும் இல்லை. அதிகம் தூங்குபவனுக்கும் இல்லை, தூங்காமலே இருப்பவனுக்கும் இல்லை. வள்ளலார் ஆயிரக்கணக்கில் அருட்பா பாடியவர். அவர் உட்கார்ந்து நித்திய கரும விதி என்று எழுதினார். எப்போது எழுவது, எப்படி உண்பது, எப்போது உலாவுவது, எவ்வளவு தூங்குவது என்று அதில் சொல்லியிருக்கிறார். உணவில் அவசரமும் ஆகாது, மந்தமும் ஆகாது என்கிறார். இவ்வளவு பெரிய ஞானி இதையெல்லாம் சின்ன விஷயம் என்று ஒதுக்கவில்லை. ஏகாதசியன்று வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, துவாதசியில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துப் பாரணை செய்வதும் இந்த ஒழுங்கில் வந்ததுதான். ஆனால் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்காதீர்கள். அது பக்தி ஆகாது.

இன்னொரு பழக்கம் நம்மிடம் இருந்தது, கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறது. தரிசனம் முடிந்து, கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டு எழுந்ததும், நம் தாத்தா பாட்டி நேரே செருப்பு விட்ட இடத்துக்குப் போக மாட்டார்கள். மண்டபத்தில் ஒரு தூணோரம் உட்காருவார்கள். பேச மாட்டார்கள். நெற்றித் திருநீற்றில் மிஞ்சியதை விரலில் தேய்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். அந்தக் கருங்கல் குளிர்ச்சி உடம்பில் ஏறுகிறபோது, காலையில் மருமகளிடம் சொன்ன கடுஞ்சொல் ஞாபகம் வரும். தம்பிக்குத் தர வேண்டிய பங்கு ஞாபகம் வரும். சந்நிதியில் நின்றபோது நாம் கேட்டோம். இங்கே உட்காரும்போது அவன் கேட்கிறான். பதில் சொல்லாமல் எழுந்து ஓடிவிடுவதால்தான் அதே பாரத்தோடு வீட்டுக்குத் திரும்புகிறோம். பத்து நிமிஷம் உட்காருங்கள். போன் பையிலேயே இருக்கட்டும்.

சரி, நாள்தோறும் இப்படி நடக்கிற கோயிலுக்கே தேய்மானம் வராதா? வரும். கருவறையில் மூர்த்தியையும் பீடத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது அஷ்டபந்தன மருந்து. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுப் பொருள். இதை இடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? உரலைச் சுற்றி ஆட்கள் நின்று மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். முதலில் கரடுமுரடாகத் தெறிக்கும். இடிக்க இடிக்கச் சூடேறி, இளகி, மெழுகு மாதிரி விரலுக்கு வளைந்து கொடுக்கும். அந்தப் பதத்தில்தான் திரித்துப் பீடத்தைச் சுற்றி அழுத்துவார்கள். எத்தனை அபிஷேகம் தாங்கினாலும் காலப்போக்கில் அது காய்ந்து வெடிக்கும். தண்ணீர் உள்ளே இறங்கும். அதனால்தான் 12 ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம்.

திருப்பணி தொடங்குவதற்கு முன்னால் பாலாலயம் செய்கிறார்கள். மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கலசத்துக்கோ படத்துக்கோ மாற்றி, சிறிய இடத்தில் வைத்துப் பூஜை நடத்துகிறார்கள். பெரிய உற்சவம் இல்லை, புறப்பாடு இல்லை. ஆனால் வேளைப் பூஜை நிற்காது. நோயிலிருந்து எழுந்தவர்களும், வீட்டில் பெரிய துக்கம் கண்டவர்களும், வேலை பார்த்துப் பார்த்து மனது வெடித்துப் போனவர்களும் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சில மாதம் சின்ன இடத்தில் இருப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. கல்யாணம் காதுகுத்து என்று எல்லாவற்றுக்கும் ஓட வேண்டாம், எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டாம். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்குத் தூக்கம், கொஞ்சம் நாமஜபம். இவ்வளவு நடந்தால் போதும். சுவாமியே சிறிய இடத்தில் காத்திருக்கிறார்.

திருநாவுக்கரசர் வாழ்க்கை இதற்குச் சாட்சி. ஊர் போற்றிய பெரும் பண்டிதர். சூலை நோய் வந்து வயிற்றைப் பிடித்தது. எந்த வைத்தியத்துக்கும் அடங்கவில்லை. கற்றதெல்லாம் கைகொடுக்காத நிலையில், இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து அக்காள் திலகவதியாரின் காலில் விழுந்தார். அக்காள் எழுந்திருங்கள் என்றார். திருநீறு கொடுத்தார். விடியற்காலையில் துடைப்பமும் மெழுகுகிற சாணமும் எடுத்துக்கொண்டு வழக்கம்போல் கோயிலுக்குக் கிளம்பியவர், தம்பியையும் உடன் அழைத்துப் போனார். அவ்வளவு பெரிய நோய்க்கு அக்காளிடம் கிடைத்த வைத்தியம் இதுதான் என்கிறார் சேக்கிழார்: அக்காளின் ஆதரவு, நெற்றிக்குத் திருநீறு, விடியலில் எழுதல், கூட்டிப் பெருக்கப் போகிறவரோடு கூடப் போதல். அங்கே சந்நிதியில் பாடினார், நோய் தீர்ந்தது. 81 வயது வரை இருந்தார் என்பது மரபு. அந்த வயதிலும் கையில் உழவாரப்படை. போகிற கோயிலிலெல்லாம் பிராகாரத்துப் புல்லைத் தாமே செதுக்கினார்.

போன வாரம் ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். "சுவாமி, எனக்கு நைட் ஷிஃப்ட். நீங்கள் சொல்கிற அர்த்தஜாமத்தில் நான் கம்பெனியில் இருப்பேன். நான் என்ன செய்ய?" நியாயமான கேள்வி. நர்ஸ் அம்மாக்கள், பஸ் ஓட்டுகிறவர்கள், காவல் துறையினர் எல்லோருக்கும் இந்தக் கேள்வி உண்டு. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். மகாசிவராத்திரி அன்று கோயிலும் இரவெல்லாம் விழித்து நான்கு கால பூஜை செய்கிறது. ஆகவே இரவில் விழிப்பது குற்றமில்லை. நடை சாத்துவது ராத்திரியில் மட்டும் என்றும் இல்லை, உச்சிக்காலத்துக்குப் பிறகும் சாத்துகிறார்கள். உங்களுக்கு அதுதான் பள்ளியறை. வீட்டுக்கு வந்து குளித்து, லேசாகச் சாப்பிட்டு, ஜன்னலுக்குத் திரை போட்டுப் படுங்கள். தினமும் அதே நேரத்தில் படுங்கள். மிச்சம் உங்கள் வீட்டார் கையில் இருக்கிறது. நடை சாத்தியிருக்கும்போது எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் வெளியே காத்திருக்க வேண்டும் என்பது ஆகமம். அந்தப் பிள்ளை தூங்குகிற நேரத்தில் மிக்ஸி ஓட்ட வேண்டாம். கேஸ் சிலிண்டர் வந்தால் நீங்கள் போய் வாங்குங்கள், சொந்தக்காரர் வந்தால் உட்கார வைத்து மோர் கொடுங்கள். நான்கு மணிக்கு அவனே எழுந்து வருவான், அப்போது பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.