கொடுத்தும் தீராத கடன்

ஒருவன் தன் நண்பனுக்குத் தீங்கிழைத்து விடுகிறான். நண்பன் அதனை அறியான். தீங்கிழைத்தவனோ நெஞ்சு பொறாமல், அந்நாள் முதலாக நண்பனுக்குப் பொருளாலும் உழைப்பாலும் ஓயாது உதவி வருகிறான். செய்த பிழையை மட்டும் வாய் திறந்து சொல்வதில்லை. இவனை நல்ல நண்பன் என்பதா, அன்றா? பிழையை மறைத்துத் தொண்டு செய்வது அறமா? உள்ளதைச் சொல்லி விடுதல் அறமா?

அன்பர்களே, இவ்வினா ஏட்டிலே பிறந்ததன்று; நம் வீட்டு வாயிலில் வந்து நின்றது. இதற்கு நாம் முதலில் கூறிய விடை தவறாயிற்று. அத்தவற்றையும் மறையாது ஈண்டு எழுதுகிறோம்.

ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்கு முன் பெங்களூரில் ஓர் ஆலையின் நூற்புப் பகுதியில் நாம் வேலை பார்த்து வந்தோம். எம்மோடு உழைத்தவருள் இருவர் இணைபிரியா நண்பர்கள். ஒரே வரிசை வீடுகளில் குடியிருந்தவர்கள். மூத்தவர் நிரந்தரத் தொழிலாளி. இளையவர் பதிலித் தொழிலாளி. பதிலியின் நிலை என்னவென்று ஆலையில் உழைத்தவர் அறிவர். நாள்தோறும் சங்கு ஊதும் முன்னே வாயிலில் நின்று, வேலைக்கு வராதவர் இடத்தில் அன்றைய ஒருநாள் வேலையைப் பெறுகிறவர் அவர். பட்டியலில் அவர் பெயர்மேல் ஒரு கோடு விழுந்தால் பிழைப்பு முடிந்தது.

ஓர் இரவு ஷிப்டில் உதிரிச் சாமான்கள் வைக்கும் அறையின் சாவி மூத்தவர் பொறுப்பில் இருந்தது. அவர் அறையைப் பூட்டாமல் தேநீர் அருந்தப் போனார். விடிந்ததும் பித்தளைச் சாமான்கள் சில காணப்படவில்லை. மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார். மூத்தவரின் தங்கைக்குத் திருமண நாள் குறித்திருந்த சமயம் அது. வேலை போய்விடுமோ என்னும் அச்சத்தில், சாவியை இளையவரிடம் கொடுத்திருந்ததாக ஒரு வார்த்தை சொல்லி விட்டார். மறுநாள் பட்டியலில் இளையவர் பெயர் இல்லை. காரணம் சொல்வாரும் இல்லை. திருடன் என்னும் பேச்சு மட்டும் தெருவெங்கும் பரவிற்று. தம்மேல் பழி போட்டவர் இன்னார் என்று இளையவர் அறியார்.

அந்த மாதச் சம்பள நாளன்றே மூத்தவர் ஓர் அரிசி மூட்டையோடு இளையவர் வீட்டுக்குச் சென்றார். அன்று தொடங்கிய உதவி 11 ஆண்டுகள் நின்றபாடில்லை. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம், மருந்துச் செலவு, பிறகு சாராயக்கடைப் பாக்கியும்கூட அவருடைய கையிலிருந்தே போயிற்று. உடன்பிறந்தாரும் இவ்வாறு செய்யார் என்று அண்டை அயலார் வியந்தனர். நாமும் ஒரு வைசாக விழாவிலே அவரை மேடைக்கு அழைத்து, நட்புக்கு எடுத்துக்காட்டு இவரே என்று புகழ்ந்து பேசினோம். அவர் தலை குனிந்தே நின்றார். அதனை அடக்கம் என்று எண்ணினோம்.

சில திங்கள் கழித்து இளையவரின் மனைவி எம்மைத் தேடி வந்தார். "ஐயா, அண்ணன் எங்களுக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்" என்றார். நாம் திகைத்துப் போனோம். உதவி கேட்டு வருவோரைக் கண்டிருக்கிறோம். உதவியை நிறுத்தக் கேட்டு வந்தவரை அன்றுதான் கண்டோம். அவ்வம்மையார் சொன்னார்: ஒருமுறை கிடங்கு ஒன்றில் காவல் வேலை அவர் கணவருக்கு வந்தது, மற்றொருமுறை மிதிவண்டி பழுதுபார்க்கும் கடையில் பங்குக்கு அழைத்தார்கள். இரண்டு முறையும் மூத்தவர் வந்து, "உனக்கு ஏனடா இந்தத் தொல்லை? நான் இருக்கிறேன் அல்லவா?" என்று தடுத்து விட்டார். கணவரும் ஒரு வழி கற்றுக்கொண்டார். கையில் காசில்லாதபோது மூத்தவர் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்து, "அந்த ஆலை வேலை மட்டும் இருந்திருந்தால், அண்ணே..." என்று பெருமூச்சு விடுவார். உடனே மூத்தவர் கை சட்டைப் பைக்குள் போகும். ஏன் போகிறது என்று இவர் கேட்டதில்லை. கேளாதிருப்பதே தமக்கு ஆதாயம் என்பதை அவர் மனம் அறிந்திருந்தது போலும். "அவர் கொடுக்கக் கொடுக்க இவர் எழுந்திருக்கவே மாட்டார், ஐயா" என்று கூறி அவ்வம்மையார் கண் கலங்கினார்.

அன்றிரவே மூத்தவரைக் கண்டோம். நெடுநேரம் பேசாதிருந்தவர், பிறகு நடந்தது முழுவதையும் எம்மிடம் கொட்டினார். இளையவரிடம் சொல்லி விடலாமா என்று கேட்டார். இனிச் சொல்லி ஆவதென்ன, அவர் மனம் புண்படும், தானத்தைத் தொடர்ந்து செய்க, புண்ணியம் அப்பிழையைக் கழுவி விடும் என்று நாம் விடை கூறினோம். இதுவே எம் தவறு. எம் சிறு சபையிலே சண்டை மூளுமே என்று அஞ்சினோம். மேடையில் புகழ்ந்த வாயால் வேறு பேச நேருமே என்றும் கூசினோம். எம் கோழைமையைக் கருணை என்று பெயரிட்டு அவருக்கு வழங்கினோம்.

ஓராண்டு சென்றது. இளையவரின் கடனைத் தீர்க்க மூத்தவர் தம் சேமநிதியிலிருந்து பணம் எடுத்தார். அவர் மகளின் படிப்பு நின்று போயிற்று. ஒரு பொய் இரண்டு குடும்பங்களை உண்ணத் தொடங்கியதைக் கண்ட பின்னரே நாம் விழித்தோம். சிகாலனுக்குப் பகவன் உரைத்த உபதேசத்தை மீண்டும் எடுத்துப் படித்தோம்.

இராசகிருக நகரிலே சிகாலன் என்னும் இளைஞன் விடியற்காலையில் ஈர ஆடையோடு ஆறு திசைகளையும் வணங்கி நின்றான். அவனுக்குப் பகவன் ஆறு திசைகளின் உண்மைப் பொருளை விளக்கினார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை பணியாளர், மேல்திசை துறவோர் என்பது அவ்விளக்கம். வடதிசையாகிய நண்பருக்குச் செய்ய வேண்டியவை ஐந்து: ஈதல், இன்சொல் கூறல், நன்மை பயக்கும் செயல், தம்மோடு ஒப்பாக நடத்துதல், வஞ்சியாமை.

இவ்வைந்தையும் மூத்தவர் நட்போடு ஒத்துப் பார்ப்போம். ஈந்தார், குறைவில்லை. இன்சொல் கூறினார், அதிலும் குறைவில்லை. நன்மை பயக்கும் செயல் என்று பார்த்தால், வந்த வேலையைத் தடுத்தது நன்மையாகுமா? இங்கேயே தராசு சாயத் தொடங்குகிறது. ஒப்பாக நடத்தினாரா? இல்லை. ஒருவர் என்றும் கொடுப்பவராகவும் மற்றவர் என்றும் பெறுபவராகவும் இருந்தனர். வஞ்சியாமையோ அடியோடு இல்லை. ஐந்தாவது இல்லாமையால் நான்காவது நில்லாமற் போயிற்று. நான்காவது போனதால் மூன்றாவதும் கெட்டது. எஞ்சிய ஈகையும் இன்சொல்லும் உயிரற்ற உடலுக்கு அணிவித்த ஆடையாயின.

வேலை வந்தபோது மூத்தவர் ஏன் தடுத்தார்? அவர் கெட்டவர் அல்லர். இளையவர் தம் காலில் நின்றுவிட்டால் கொடுப்பதற்கு இடம் இராது. கொடாத நாளில் குற்றம் கண்முன் வந்து நிற்கும். ஆகவே தம் நெஞ்சு ஆறுவதற்கு நண்பரின் வறுமை அவருக்குத் தேவைப்பட்டது. இதனை அவரே அறியார். மறைத்த குற்றத்துக்காகச் செய்யும் உதவியில் உள்ள நஞ்சு இதுவே. உதவி பெறுவோன் எழக்கூடாது என்று அது உள்ளூர விரும்புகிறது.

மனிதனைத் தவறான வழியில் செலுத்துபவை நான்கு என்று அதே உபதேசம் கூறுகிறது: விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம். சாவியைப் பற்றிச் சொன்ன பொய் அச்சத்தால் விளைந்தது என்பது வெளிப்படை. 11 ஆண்டுகள் கொடுத்த கொடையும் அதே அச்சத்தால் விளைந்தது என்பதை நாம் காணத் தவறினோம். பொய்யும் கொடையும் ஒரே வேரில் கிளைத்த இரண்டு கிளைகள்.

செய்ததை எண்ணி எண்ணி மனம் புழுங்குதலைப் பகவன் தியானத்தைத் தடுக்கும் ஐந்து தடைகளுள் ஒன்றில் வைத்தார். அத்தடைக்கு அவர் காட்டிய உவமை அடிமைத்தனம். விரும்பிய இடத்துக்குப் போக இயலாதவன், பிறன் கைக்குள் இருப்பவன் அடிமை. மூத்தவர் அவ்வாறே ஆனார். திண்ணையில் எழும் ஒரு பெருமூச்சு அவரை ஆட்டி வைத்தது. பிறர்க்கு அடிமையாயிருந்த வாழ்வை உதறி எழுந்து பஞ்சசீலம் ஏற்ற நாம், நெஞ்சுக்குள்ளே வேறோர் அடிமைத்தளையைப் பூட்டிக்கொள்ளலாமா?

அடிமைத்தனத்தைச் சொல்லும் அதே சூத்திரத்தில் அசாதசத்துருவின் செய்தியும் வருகிறது. தேவதத்தனின் நட்பால் கெட்டுத் தந்தை பிம்பிசாரனைக் கொன்ற அம்மன்னன், ஒரு முழுநிலா இரவிலே சீவகனின் மாந்தோப்புக்கு வந்து பகவன் முன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். குற்றத்தைக் குற்றமெனக் கண்டு முறைப்படி திருந்துவதை வளர்ச்சி என்று பகவன் ஏற்றார். ஆயினும் மன்னன் சென்ற பின், அக்கொலையை அவன் செய்யாதிருந்தால் அன்றே அவனுக்குத் தம்மக் கண் திறந்திருக்கும் என்று பிக்குகளிடம் கூறினார். குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் நடந்ததை நடவாததாக ஆக்குவதில்லை. மேலும் நடவாமல் தடுக்கிறது. அது சிறிய பயனன்று.

ஒரு மறுப்பு எழலாம். உண்மையைச் சொல்பவன் தன் சுமையை இறக்கிப் பிறன் தலையில் வைக்கிறான் அல்லவா, கேட்பவன் மனம் புண்படுமே, அது தன்னலம் அன்றோ என்பர். இம்மறுப்பில் நியாயம் உண்டு. அபய இளவரசனுக்குப் பகவன் கூறியது இதற்கு விடை தருகிறது. அப்பொழுது இளவரசன் மடியிலே ஒரு குழந்தை இருந்தது. இக்குழந்தை குச்சியையோ கல்லையோ வாயிலே போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று பகவன் வினவினார். உதிரம் வந்தாலும் விரலை விட்டு எடுத்து விடுவேன், குழந்தைமேல் எனக்கு இரக்கம் உண்டு என்றான் இளவரசன். அவ்வாறே, உண்மையும் நன்மையுமான சொல் கேட்போர்க்கு இன்னாததாயினும் ததாகதர் காலம் அறிந்து கூறுவார் என்றார் பகவன்.

ஆகவே சொல்வதற்கு மூன்று அளவுகோல்கள் உண்டு: உண்மையா, கேட்பவர்க்கு நன்மையா, தக்க காலமா என்பன. தன் நெஞ்சு இலேசாக வேண்டும் என்று மட்டும் சொல்பவன் முதல் அளவுகோலோடு நின்று விடுகிறான். இளையவர் தொண்டையிலோ ஒரு கல் சிக்கியிருந்தது. தம்மைக் கெடுத்தவர் யாரென அறியாமல், உலகமே தம்மைத் திருடன் என்கிறது என்றெண்ணிக் குடித்துக் கொண்டிருந்தார். அக்கல்லை எடுக்கும் உண்மை மூத்தவர் ஒருவரிடமே இருந்தது.

நாம் மூத்தவரிடம் சென்று, முன்பு கூறியது எம் பிழை என்று முதலில் ஒப்புக்கொண்டோம். பிறகு மூன்று சொன்னோம். இளையவர் குடியாதிருக்கும் காலை வேளையில், அவர் மனைவியும் உடனிருக்கச் சொல்க. மன்னிப்பைக் கேளாதீர், கொடுத்த பணத்தைக் கணக்குக் காட்டாதீர். பழி தெருவிலே பரவியதாகையால், உடன் உழைத்தவர்கள் முன்னும் உண்மையைச் சொல்க.

அவர் அவ்வாறே செய்தார். இளையவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து வெளியே போனார். அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மூத்தவர் முகத்தை அவர் பார்க்கவில்லை. எம் முகத்தையும் பார்க்கவில்லை. ஓராண்டு அறிந்தும் மறைத்தவர்கள் அன்றோ நாம்? ஆனால் ஞாயிறு ஒன்றில் பழைய தொழிலாளர் பதினைவர் கூடியிருந்த இடத்தில் மூத்தவர் எழுந்து, திருடன் அவன் அல்லன், பொய் சொன்னவன் நான் என்று கூறியபோது, இளையவரின் மனைவி பின்வரிசையில் நின்று கேட்டார். அடுத்த திங்கள் இளையவர் ஒரு காவல் வேலையில் சேர்ந்தார். குடி உடனே நின்றுவிடவில்லை; குறைந்தது. மூத்தவரின் மகள் மீண்டும் கல்லூரியில் சேர்ந்தாள்.

அவ்விருவரும் பழையபடி நண்பராகவில்லை. அவ்வாறு ஆயினர் என்று எழுதினால் கதை இனிக்கும். ஆனால் அது பொய்யாகும். மூத்தவரின் தாயார் இறந்தபோது இளையவர் அழைக்காமலே வந்து பாடையில் தோள் கொடுத்தார். போகும்போது, "வருகிறேன் அண்ணே" என்று மட்டும் சொன்னார். மூத்தவர் பணம் எடுக்கவில்லை; இளையவர் பெருமூச்சும் விடவில்லை. இருவரும் ஒப்பாக நின்ற முதல் நாள் அதுவே என்று எமக்குத் தோன்றிற்று.

அன்பர்களே, 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அளித்த 22 உறுதிமொழிகளில் பொய் கூறாமையும் ஒன்று. அதனைப் பகைவரிடத்தும் அதிகாரிகளிடத்தும் காப்பது எளிது. நாம் நேசிப்பவரிடத்துக் காப்பதே அரிது. பிழையை மறைத்துக் கொடுப்பவர் இருந்தால், கையை நிறுத்தி வாயைத் திறக்கட்டும். காரணம் கேளாமல் பெறுபவர் இருந்தால், பிறர் அச்சத்திலிருந்து பெறுவது உண்மையில் கொடுக்கப்பட்ட பொருள்தானா என்று தம் இரண்டாம் சீலத்தைக் கேட்கட்டும். எம்போல் மேடையில் புகழ்பவர் இருந்தால், புகழும் முன் அவ்வீட்டுப் பெண்களை ஒரு வார்த்தை விசாரிக்கட்டும்.

மைத்திரி என்பது அச்சமற்ற இருவர்க்கிடையே நிலவுவது. அத்தகைய நட்பு நம் குடும்பங்களில் பெருகுக. எல்லா உயிரும் நலம் பெறுக.