சுவரை நான் பார்க்கவில்லை

என் தமக்கையின் மகன் டாக்டர் பட்டம் பெற்ற பிறகும் ஆராய்ச்சியை விடவில்லை. மின்னூட்டம் கொண்ட நுண்துகள்கள் நீரில் மிதக்கும்போது ஒன்றையொன்று என்ன செய்கின்றன என்று அளந்துகொண்டிருக்கிறான். கூழ்மம் என்பார்களே, அதுதான். பாலும் கூழ்மம்தான். கல்லூரியில் இரண்டு ஆண்டோடு நின்றுவிட்ட எனக்குப் புரியும்படி ஒருநாள் அவன் ஒரு கதை சொன்னான்.

ஒரே வகை மின்னூட்டம் கொண்ட இரண்டு துகள்கள் சற்றுத் தள்ளி நிற்கும்போது ஒன்றையொன்று விலக்கத்தான் வேண்டும். 1941-லும் 1948-லும் அறிஞர்கள் வகுத்த கொள்கை அது. ஆனால், 1997-இல் லார்சனும் கிரையரும் கண்ணாடிச் சுவருக்கு அருகே அத்தகைய துகள்களை லேசர் ஒளியால் பிடித்து நிறுத்தி, பிறகு விட்டுப் பார்த்தார்கள். அவை நெருங்கின! இந்த ஈர்ப்பு எங்கிருந்து வந்தது என்று பலரும் குழம்பினார்கள். 2000-இல் ஸ்கொயர்ஸும் பிரென்னரும் வேறு விதமாகக் கணக்குப் போட்டார்கள். சுவருக்கும் அதே மின்னூட்டம். அது இரண்டையும் தள்ளுகிறது. விலகி ஓடும் ஒவ்வொன்றும் தன்னைச் சூழ்ந்த நீரையும் இழுக்கிறது. அந்த ஓட்டம் பக்கத்துத் துகளை அருகே கொண்டுவந்து விடுகிறது.

"அவற்றுக்குள் ஈர்ப்பே இல்லை, மாமா. சுவரை விட்டு ஓடின, அவ்வளவுதான்" என்றான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊர்க் குளத்துப் படிக்கட்டில், கணவனை இழந்த ஒரு பெண்ணும் எங்கள் தெரு வாத்தியார் ஒருவரும் மாலைதோறும் உட்கார்ந்து பேசுவதைக் கண்டேன். கண்டதைக் கதையாக எழுதினேன். பெயர்களை மாற்றினேன், குளத்தை மாற்றவில்லை. கதைக்குப் பாராட்டு வந்தது. வாத்தியார் ஊரை விட்டே போனார். விளக்கு வைத்ததும் மாமியார் தொடங்கும் வசவுக்கு அஞ்சியே அவள் வெளியே வந்தாள் என்பதும், அவர் வீட்டில் குடிகாரத் தம்பி ஒருவன் இருந்தான் என்பதும் பிறகுதான் தெரிந்தன. நான் எழுதியதில் பொய் இல்லை. அவர்கள் அருகருகே உட்கார்ந்தது உண்மை.

மறுநாள் பையனிடம் இதைச் சொன்னேன். அவன் என்னைத் தேற்ற நினைத்தானோ என்னவோ, "2024-இல் ஆக்ஸ்போர்டில், நீரில் எதிர்மின் துகள்கள் உண்மையாகவே ஒன்றையொன்று ஈர்த்துத் திரள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், மாமா. நேர்மின் துகள்கள் அங்கே திரளவில்லை, ஆல்கஹாலில் இது தலைகீழ்" என்றான்.

ஒருவேளை அவர்களுக்குள்ளும் அன்பு இருந்திருக்கலாம். இருந்தால் மட்டும், ஊரைக் கூட்டிச் சொல்ல எனக்கு யார் உரிமை கொடுத்தது?

அந்தக் கதையைப் புதிய தொகுப்பில் சேர்க்கலாமா என்று பதிப்பாளர் கேட்டு எழுதியிருக்கிறார். கடிதம் மேஜைமேல் கிடக்கிறது.